இளைப்பாறிய கண்கள்

வேலையிலிருந்து ஓய்வுபெறுவதை இலங்கைத் தமிழர் இளைப்பாறுதல் என்பார்கள். இளைப்பாறிய அதிபர், இளைப்பாறிய தபாலதிபர், இளைப்பாறிய கிராம சேவையாளர் என்று கல்யாண அழைப்பிதழிலும் மரண அறிவித்தலிலும் அச்சாகும். அழகான சொல். இளைத்தவர் ஆறவேண்டும் என்ற பரிவு அதில் இருக்கிறது. ஆனால் ஆறி முடித்தபின் மிஞ்சும் காலம் எதற்கு என்று அது சொல்வதில்லை. அறுபதில் அலுவலகத்தை விட்டு வருபவருக்கு இன்னும் இருபது வருடம் இருக்கலாம். அந்த இருபது வருடத்துக்கு மேலதிகாரி இல்லை, கோப்பு இல்லை, கையெழுத்துப் புத்தகம் இல்லை. அப்போது ஒருவர் எதைக் கையில் எடுக்கிறார் என்பதில், அதற்கு முந்திய நாற்பது வருடமும் அவருக்குள் என்ன கிடந்தது என்பது தெரியவருகிறது.

இதைப் பார்க்க மாத்தளை மாவட்டத்தின் வடக்கிலுள்ள சீகிரியாவைப் போல வசதியான இடம் குறைவு. அந்தக் குன்றைக் காத்தவர்கள், தோண்டியவர்கள், படித்தவர்கள் சிலர், பதவி போனபின் தாம் செய்ததை நூலாகவே விட்டுச் சென்றிருக்கிறார்கள். இளைப்பாறிய மூன்று தொல்பொருள் ஆணையாளர்களையும் ஒரு பேராசிரியரையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்.

சீகிரியாவின் கதையே ஒரு முதியவரின் கடைசிப் பயணத்தோடு தொடங்குகிறது. கலாவெவ என்ற பெருங்குளத்தைக் கட்டிய தாதுசேன மன்னனை அவன் மகன் காசியப்பன் சிறைவைத்தான். ஒளித்துவைத்த செல்வம் எங்கே என்று கேட்டபோது, கலாவெவவுக்குக் கூட்டிப்போனால் காட்டுகிறேன் என்றான் கிழவன். அச்சு இற்றுப்போன வண்டி ஒன்றில் ஏற்றினார்கள். வழியில் வண்டியோட்டி தான் கொறித்துக்கொண்டிருந்த வறுத்த தானியத்தில் கொஞ்சம் கொடுத்தான்; மன்னன் மகிழ்ந்து வாங்கித் தின்றான். குளத்தை அடைந்ததும் தனக்கு நெருக்கமான தேரரைக் கண்டு பேசினான். நீரில் இறங்கிக் குளித்தான், அள்ளிக் குடித்தான், தன் செல்வம் முழுவதும் இதுவே என்று காட்டினான். இப்படிச் சொல்கிறது சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல். அதன்பின் அவன் கொல்லப்பட்டான். அதிகாரம் பறிபோன ஒருவன் கேட்டது மூன்றே: பழைய நண்பனோடு சற்றுப் பேச்சு, தான் கட்டிய குளம், அதில் ஒரு முழுக்கு. பென்சன் எடுத்த எத்தனையோ பேரின் ஆசைப் பட்டியல் இன்றும் இதைத் தாண்டிப் பெரிதாகப் போவதில்லை.

காசியப்பன் 477 முதல் 495 வரை ஆண்டு, குன்றின்மேல் மாளிகையும் அடியில் தோட்டங்களும் அமைத்தான் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு. அவன் விழுந்ததும் தம்பி மொகல்லானன் தலைநகரை அநுராதபுரத்துக்கே திருப்பிக்கொண்டு போனான். குன்று பிக்குகளிடம் போனது. அரசிருக்கையாக இருந்தது 18 ஆண்டு. துறவிகளின் உறைவிடமாக இருந்தது பல நூற்றாண்டு. 8 முதல் 10 வரையான நூற்றாண்டுகளில் அதிகாரிகளும் பிக்குகளும் பெண்களும் வேடிக்கை பார்க்க ஏறிவந்து, பாறையிடுக்கில் தீட்டப்பட்ட பெண்ணுருவங்களைக் கண்டு, கண்ணாடிச் சுவர் எனப்படும் சுவரின் மழமழப்பில் கூரிய முனையால் பாட்டுக் கீறிவைத்தார்கள். பிறகு காடு மூடியது.

அந்தக் காட்டை முறையாக வெட்டித் துலக்கியவர் எச். சி. பி. பெல். இலங்கையின் முதல் தொல்பொருள் ஆணையாளர் அவர். 1890 முதல் 1912 வரை பதவியில் இருந்தார். 1894இல் சீகிரியாவில் வேலை தொடங்கியது. மலேரியாவும் குளவிக்கொட்டும் கூலியாட்களை விரட்டிய நாட்கள் அவை. வடக்குப் பக்கத்து மேட்டில் கிடந்த செங்கல் குவியலை 1898இல் அகழ்ந்தபோது இரண்டு மாபெரும் சிங்கப் பாதங்கள் நகங்களோடு வெளிப்பட்டன. சிங்ககிரி, அதாவது சீகிரியா, என்ற பெயரின் காரணம் அன்றுதான் கண்முன் வந்தது. அந்தப் பெண்ணுருவங்களை அவர் அரண்மனைப் பெண்களாகக் கண்டார். பக்கத்திலுள்ள பிதுரங்கல விகாரைக்குப் பூ எடுத்துப் போகிறார்கள் என்றார்.

61 வயதில் இளைப்பாறிய பெல் கண்டியில் குடியிருந்தார். வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்று முதுமையைப் பற்றி நாம் சொல்வோம். பெல்லைக் காடு அழைத்தது உத்தியோக காலத்தில். இளைப்பாறியபின் அழைத்தது கடல். அந்த அழைப்பும் புதிதன்று. 1879இல், முப்பது வயதுகூட நிரம்பாத சிவில் உத்தியோகத்தராக, மாலைதீவின் பவளப்பாறையில் கப்பல் உடைந்து மாலே நகரில் ஒதுங்க நேர்ந்தவர் அவர். அந்தச் சிறு தங்கலை வைத்தே தீவுகளைப் பற்றி அறிக்கை எழுதினார். அது 1883இல் அச்சானது. பிறகு கேகாலை, அநுராதபுரம், பொலநறுவை, சீகிரியா என்று நாற்பது வருடம் ஓடிவிட்டது. தீவுகள் மனதின் ஓர் ஓரத்தில் காத்திருந்தன.

1920இல் மறுபடி போனார். 1922இல் போனபோது அவருக்கு வயது எழுபது. அந்த முறை பல மாதங்கள் தங்கினார். தென்திசைத் தீவுக்கூட்டங்களுக்குப் படகில் போய், முஸ்லிம் நாடாக மாறுமுன் அங்கே எழுப்பப்பட்ட பௌத்தத் தூபிகளை அகழ்ந்தார். இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி பழந்தீவுகள் என்று பேசும் அதே தீவுகள்தாம். பழைய செப்பேடுகளின் எழுத்தையும் கல்லறைக் கற்களின் எழுத்தையும் ஊர்க் கற்றறிந்தவர்களோடு உட்கார்ந்து படித்தார். அரச குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் ஏடுகளைக் கொடுத்தார்கள், சந்தேகம் தீர்த்தார்கள், தவறைத் திருத்தினார்கள். கண்டி வீட்டிலிருந்து அவர் எழுதிய மாலைதீவுக் குறிப்புகள் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1920களிலும் 1930களிலும் வரிசையாக வந்தன. 1937இல் அவர் இறந்தார். வரலாறு, தொல்லியல், கல்வெட்டு மூன்றையும் அடக்கிய பெருநூல் 1940இல்தான் வெளியானது. அச்சுப்பிரதியைக் கையில் எடுத்துப் பார்க்க அவர் இல்லை.

இளைப்பாறியபின் இருபத்தைந்து ஆண்டு. சம்பளம் வாங்கிய வேலைக்கு ஏறத்தாழ ஈடான வேலை. இன்று மாலைதீவின் பௌத்த காலத்தைப் பற்றி எழுதுபவர் எவரும் பெல்லைத் தொடாமல் போக முடியாது. அவர் கண்டவற்றுள் சில பிற்காலத்தில் சிதைந்தும் போய்விட்டன. இதில் கவனிக்க ஒன்று உண்டு. அவர் புதிதாக எதையும் தேடிப் போகவில்லை. இளமையில் தற்செயலாகக் கையில் விழுந்து, உத்தியோகம் வந்து பிடுங்கிக்கொண்ட ஒரு கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஓய்வுக்குப்பின் என்ன செய்வது என்று திகைப்பவருக்கு விடை பெரும்பாலும் முன்னே இல்லை, முப்பது வருடம் பின்னே கிடக்கிறது.

எல்லோருக்கும் அந்தக் காலம் வாய்ப்பதுமில்லை. பெல்லுக்குப்பின் ஆணையாளராக வந்த ஈ. ஆர். அயர்ட்டன், எகிப்தில் அகழாய்வு செய்து பெயர் பெற்றவர், 1914இல் திசமகாராமைக் குளத்தில் மூழ்கி இறந்தார். பதவியேற்று இரண்டு வருடம்கூட முழுதாகவில்லை.

சீகிரியாவோடு மிக நெருக்கமாகப் பிணைந்த பெயர் செனரத் பரணவிதான. 1896இல் பிறந்தவர். உதகமண்டலத்திலிருந்த இந்தியக் கல்வெட்டு அலுவலகத்தில் ஹீரானந்த சாஸ்திரியிடம் பயின்று, 1940 முதல் 1956 வரை ஆணையாளராக இருந்தார். கண்ணாடிச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த கீறல்களைப் பொறுமையாகப் பிரித்தெடுத்து, 685 பாடல்களைப் பாடம், மொழிபெயர்ப்பு, இலக்கணம், படங்கள் சகிதம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். மயிரிழைபோல் மெலிந்த எழுத்து. அதற்குள் ஆயிரம் வருடத்துக்கு முந்திய மனிதரின் குரல். சிங்களக் கவிதை வரலாறு அந்த நூலுக்குப்பின் வேறாகிவிட்டது. அது வந்த ஆண்டு 1956. அவர் இளைப்பாறியது அதே ஆண்டின் இறுதியில். வாழ்நாளின் பெரிய வேலை முடிந்த கையோடு நாற்காலியும் போயிற்று.

அடுத்த சில வருடங்கள் நன்றாகவே கழிந்தன. 1957இல் பேராதனையில் ஆராய்ச்சிப் பேராசிரியரானார். பல்கலைக்கழகம் வெளியிட்ட இலங்கை வரலாற்றின் முதல் தொகுதியில் பல இயல்களை எழுதினார். சி. டபிள்யு. நிக்கலஸுடன் சேர்ந்து சுருக்க வரலாறு ஒன்றை 1961இல் கொண்டுவந்தார். சக ஆசிரியர், பதிப்பாசிரியர், மாணவர் என்று சுற்றிலும் ஆட்கள் இருந்த காலம் அது. 1961இல் அந்தப் பதவியும் முடிந்தது.

அதன்பின் நடந்ததை இலங்கைத் தொல்லியலாளர்கள் இன்றும் தயங்கித்தான் பேசுவார்கள். பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கு இடையே, வெறும் கண்ணுக்குத் தேய்மானமாகத் தெரியும் இடத்தில், இன்னொரு எழுத்து மெல்லப் பொறிக்கப்பட்டிருப்பதாகப் பரணவிதான சொல்லத் தொடங்கினார். அந்த இடைவரி எழுத்துகளில் நீண்ட வரலாறுகள் எழுதப்பட்டிருப்பதாகவும், அவற்றைத் தாம் படித்துவிட்டதாகவும் எழுதினார். மலாயாவுக்கும் இலங்கைக்கும் இருந்த அரச உறவைப் பற்றிய நூல் 1966இல் வந்தது. கிரேக்கரையும் மௌரியரையும் பற்றிய நூல் 1971இல் வந்தது. 1972இல் வந்தது சீகிரியாவின் கதை. காசியப்பனின் வரலாறு அதில் ஒரு காவியத்தைப் போல் விரிகிறது: அரண்மனைப் பேச்சு, தூது, சூழ்ச்சி, தூரதேசத்து மன்னர்கள். சூளவம்சம் சில செய்யுள்களில் முடித்துவிட்ட இடமெல்லாம் நிரம்பி வழிகிறது. அந்த ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார்.

மற்றவர்கள் அதே கற்களைப் போய்ப் பார்த்தார்கள். மைப்படிகளை விரித்துப் பார்த்தார்கள். அவர் கண்ட எழுத்து அவர்களுக்குத் தெரியவில்லை. 1967இல் ஆர். ஏ. எல். எச். குணவர்தன மலேசியத் தொடர்பு பற்றிய வாதத்தை நீண்ட கட்டுரையில் பிரித்துப்போட்டு ஆராய்ந்தார். தமிழரான வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலாவும் அந்நூலுக்கு விமர்சனம் எழுதினார். துறையின் மூத்தவரை, தாங்கள் எல்லோரும் யாருடைய நூல்களைப் படித்து வளர்ந்தார்களோ அவரையே மறுக்கவேண்டிய நிலை. அவர்கள் அதைச் சான்று கேட்டுச் செய்தார்கள். இன்று அந்த இடைவரி வாசிப்புகளை வரலாற்றுக்கு ஆதாரமாக ஆய்வாளர் எடுப்பதில்லை.

இதை ஒரு பெரியவரின் தளர்ச்சி என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது, சரியல்ல. ஏனென்றால் அதே வருடங்களில், 1970இல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழம் பிராமிக் கல்வெட்டுகளைத் தொகுத்த முதல் தொகுதியும் அவர் பெயரில் வந்தது. இன்றுவரை அது மேசையில் இருக்கவேண்டிய நூல். கை தளரவில்லை, கண்ணும் தளரவில்லை. மாறியது வேறு. ஒரு கல்வெட்டைத் தொல்பொருள் திணைக்களம் படிக்கும் முறையை நினைத்துப் பார்க்கலாம். கல்லைக் கழுவி, ஈரத் தாளை அப்பி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படி எடுப்பவர் ஒருவர். அதை முதலில் படிப்பவர் ஒருவர். ஐயமான எழுத்தைச் சுட்டுபவர் இன்னொருவர். படத்தோடு அச்சானபின் வெளியே உள்ள எவரும் ஒப்பிட்டு மறுக்கலாம். கண்ணாடிச் சுவரின் 685 பாடல்களும் அப்படி வெளியானவை. பாடம் இதோ, படம் இதோ என்று வாசகர்முன் வைக்கப்பட்டவை. இடைவரி எழுத்தில் கல்லுக்கும் அவர் கண்ணுக்கும் நடுவே வேறு யாரும் இருக்கவில்லை. நாற்காலி போகும்போது சம்பளமும் வாகனமும் போவது எல்லோருக்கும் தெரிகிறது. பக்கத்தில் நின்று, ஐயா இது அப்படித் தெரியவில்லையே என்று சொல்லும் ஒரு குரலும் கூடவே போய்விடுவது அவ்வளவாக யார் கண்ணிலும் படுவதில்லை. பரணவிதானவின் இழப்பு அதுதான் என்று தோன்றுகிறது. நாற்பது வருடம் தேய்ந்த கீறலில் எழுத்தைத் தேடிய கண், தேடுவதை நிறுத்த மறுத்தது.

அவர் கண்ட காசியப்பன் எப்படியும் சாதாரண மன்னன் அல்லன். பதவியிலிருந்த காலத்திலேயே, 1950இல், சீகிரியாவைக் குபேரனின் அளகாபுரியைப் போலக் கட்டப்பட்ட தேவராசனின் இருப்பிடம் என்று அவர் எழுதியிருந்தார். ஓவியப் பெண்கள் அவருக்கு மேகங்களும் மின்னல்களும். அந்தக் கட்டுரை ஊகமாக வைக்கப்பட்டது, ஏற்கலாம், மறுக்கலாம். கடைசி நூல் ஊகத்துக்கு இடமே வைக்கவில்லை.

மூன்றாமவர் ராஜா டி சில்வா. வேதியியல் கற்றுத் திணைக்களத்துக்கு வந்தவர். 1967 முதல் 1979 வரை ஆணையாளர். 1967 அக்டோபரில் யாரோ சீகிரியா ஓவியங்களில் பச்சை வண்ணத்தைப் பூசியும் கொத்தியும் நாசம் செய்தார்கள். ரோமிலிருந்து வந்த லூசியானோ மரான்சியோடு சேர்ந்து அந்தப் பூச்சை அகற்றும் வேலை நடந்தது. ஓவியத்தின் ஒவ்வோர் அங்குலத்தையும் முகத்துக்கு அருகே வைத்துப் பார்க்க நேர்ந்தவர்களுள் ராஜா டி சில்வாவும் ஒருவர். பதவி விட்டு இருபதாண்டுக்கும் மேலான பின், 2002இல், ஒரு நூல் எழுதினார். சீகிரியா அரண்மனையும் அல்ல, கோட்டையும் அல்ல. அது ஆதியிலிருந்தே தேரவாத, மகாயான பௌத்த மடம். ஓவியப் பெண்கள் தாரா தேவியின் வடிவங்கள். தம் திணைக்களம் நூறு வருடமாகச் சொல்லிவந்ததை, பெயர்ப்பலகைகள் இன்றும் சொல்வதை, அதன் முன்னாள் தலைவரே மறுத்தார்.

அவர் முடிவை ஏற்றவர்களைவிட ஏற்காதவர்கள் அதிகம். 1982இல் உலக மரபுரிமைத் தலமானபின் சேனக பண்டாரநாயக்கவின் தலைமையில் நடந்த ஆய்வுகள் திட்டமிட்ட நகரம், தோட்டம், அரண்மனை என்ற சித்திரத்தை இன்னும் வலுவாக்கின. ஆனால் ராஜா டி சில்வாவின் நூலோடு வாதிட முடிகிறது. சான்று என்று அவர் காட்டுவதெல்லாம் மேலே ஏறினால் எவர் கண்ணுக்கும் படுவது: சுவர்களின் அமைப்பு, அறைகள் இல்லாமை, பக்கத்து விகாரைகள். பதவியில் இருக்கும் ஆணையாளர் அப்படி ஒரு நூலை எழுதியிருந்தால் அது அரசின் கொள்கையாகிவிடும். பென்சன் அவருக்குத் தந்த பெரிய சலுகை, தனிமனிதனாகத் தவறும் உரிமை.

நான்காமவர் சிறி குணசிங்க. சிங்களத்தில் புதுக்கவிதைக்கு வழிவெட்டியவர், ‘சத் சமுதுர’ படத்தை இயக்கியவர், கனடாவின் விக்டோரியாவில் கலை வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவர். எண்பதைத் தாண்டிய வயதில், 2008இல், அவரும் சீகிரியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தேவராசனும் வேண்டாம், தாராவும் வேண்டாம். காசியப்பன் அழகுக்குச் செய்த வணக்கம் இது என்பது அவர் கட்சி. பெண்ணுருவங்கள் பெண்கள்தாம். கண்ணாடிச் சுவரில் பாடிவைத்த பழைய ஆட்களுள் பலரும் அப்படித்தான் பார்த்தார்கள் என்பதை நினைத்தால், நால்வருள் அவர்களுக்கு மிக அருகில் நிற்பவர் இவரே.

ஒரே ஓவியத்தில் ஒருவர் விகாரைக்குப் போகும் அரசகுலப் பெண்களையும், ஒருவர் மின்னலையும், ஒருவர் தேவியையும், ஒருவர் வெறும் அழகையும் கண்டிருக்கிறார்கள். பிந்திய மூவரும் தங்கள் கடைசி வார்த்தையைச் சொன்னது இளைப்பாறியபின்.

குன்றின் அடியில் வாழ்பவர்களுக்கு இளைப்பாறுதல் என்ற சொல் இவ்வளவு தெளிவான கோடாக விழுவதில்லை. அரச ஊழியரின் ஓய்வு வயது 2022ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தால் 65 ஆக்கப்பட்டு, பொருளாதாரம் சரிந்த அதே ஆண்டிலேயே 60க்கு இறக்கப்பட்டது; ஆயிரக்கணக்கானோர் எதிர்பார்த்த ஐந்து வருடம் ஒரே அறிவிப்பில் போயிற்று. ஆனால் சீகிரியா, கிம்பிஸ்ஸ, இனாமலுவை ஊர்களில் வயலும் சேனையும் செய்பவர்களுக்கு ஓய்வு வயது என்று ஒன்று வயலில் எழுதப்படவில்லை. விவசாயிகளுக்கு ஓய்வூதியம் என்ற திட்டம் 1987இல் சட்டமானது. அதை நம்பி மண்வெட்டியைக் கீழே வைத்தவர் அரிது. குனிந்து நாற்று நட முடியாத வயது வந்தால் வேலை மாறும். யானை வரும் இரவுகளில் பரணில் காவல் இருப்பது முதியவர் பங்கு. நோன்மதி நாளில் வெள்ளை உடுத்து விகாரைக்குப் போய்ச் சில் எடுப்பது, அன்று முழுதும் எட்டுச் சீலம் காத்து உட்கார்ந்திருப்பது, அவர்களின் ஒரே முறையான ஓய்வு. அந்த நாள் வழிபாடு; உடம்புக்கு ஆறுதல், பேச்சுக்குத் துணை.

தெற்கே மாத்தளை மலைகளில் உள்ள தோட்டத் தமிழருக்குக் கணக்கு வேறு. செக்ரோல் என்ற ஆட்பதிவேட்டில் பேர் வெட்டப்பட்டதும் சேமலாப நிதிக் காசு வரும். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் பங்கு 12 வீதமும் சேர்ந்த காசு. மாதாமாதம் வரும் பென்சன் அல்ல, ஒரேமுறை வந்து முடிவது. மகளின் கல்யாணம், லயத்துக் கூரை, பழைய கடன் என்று அது கரையும். கரைந்தபின் அதே அம்மா அதே மலையில் கைகாசுக்குக் கொழுந்தெடுக்கப் போவார். நாற்பது வருடம் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக் களத்துக்கு இருட்டோடு போன கால், பேர் வெட்டிய மறுநாளும் அதே நேரத்துக்கு விழித்துக்கொள்ளும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேருக்குப் பேரப்பிள்ளைகளோடு முதல்முறையாக அவசரமில்லாமல் நிற்பதும் அப்போதுதான். இவர்களுக்கும் இளைப்பாறுதல் என்ற சொல் உண்டு, அதைச் சொல்லும் உரிமையும் மற்றெவரையும்விட அதிகம் உண்டு. அவர்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் அவர்கள் வேலை செய்த வருடங்கள்தாம் இருக்கின்றன. ஆறிய வருடங்களுக்கு இன்னும் அதிகம் பக்கம் ஒதுக்கப்படவில்லை.

விடுமுறைக் காலத்தில் தீவின் எல்லாத் திசையிலிருந்தும் சீகிரியாவுக்குப் பஸ் வரும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சுற்றுலா வரும் குடும்பங்களில் தாத்தாவும் பாட்டியும் இருப்பார்கள். உச்சிக்கு ஏறத்தாழ 1,200 படி. பேரப்பிள்ளைகள் ஓடி ஏறிவிடுவார்கள். பெரியவர்கள் நீர்த்தோட்டத்தோடு நின்று, மரநிழலில் செருப்பைக் கழற்றிவைத்து உட்கார்ந்துகொள்வார்கள், தண்ணீர்ப் போத்தலையும் பிள்ளைகளின் பைகளையும் பார்த்தபடி. அவர்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் துளையிட்ட சுண்ணாம்புக்கல் தகடுகள் தரையில் பதிந்திருக்கின்றன. 5ஆம் நூற்றாண்டின் நீரூற்றுகள் அவை. வருடத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். மாரி மழை பிடித்து மேட்டுக் குளங்கள் நிரம்பினால், கீழே கால்வாயில் அழுத்தம் ஏறி, அந்தத் துளைகளில் நீர் இன்றும் எழும்பும்.